கோத்தகிரியும் கொட்டும் மழையும்

மழைக் காலத்தில் புத்திசாலிகள் செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு. ஜன்னலோரமாக உட்கார்ந்து சூடான வெங்காயப் பக்கோடா சாப்பிடலாம்; பழைய பத்திரிகைகளைப் புரட்டலாம்; ஒன்றுமில்லாவிட்டால் போர்த்திக்கொண்டு தூங்கலாம். இவ்வளவையும் விட்டுவிட்டு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை நாலு மணிக்கு, கோயமுத்தூரில் சைக்கிளை வெளியே தள்ளினோம் என்றால் அதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும் அல்லவா? அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1891-ம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகைக்காரர், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரையில் சென்று திரும்பும் சைக்கிள் பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினார். தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். அதில் முதலாவதாக வந்த ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். இன்று அது பந்தயமல்ல. விரதம் என்று சொல்லலாம். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 90 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் போதும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் மரியாதை ஒன்றே. 2023-ல் நம் தேசத்திலிருந்தும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள்.

ஆனால் நினைத்தவரெல்லாம் போய்விட முடியாது. அந்த வருஷத்திலேயே 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நான்கு பரீட்சைகளில் தேறியிருக்க வேண்டும். இவற்றுக்கு 'பிரெவே' என்று பெயர். அவை நம் ஊர்களிலும் நடக்கின்றன. கடைசிப் பரீட்சையான 600 கிலோமீட்டருக்குக் கெடு 40 மணி. அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். பூ, இவ்வளவுதானா என்று நேயர்கள் நினைக்கலாம். சாப்பாடு, தூக்கம், பஞ்சர், மலையேற்றம், மழை எல்லாம் அந்தப் பதினைந்துக்குள் அடக்கம்!

சென்ற வருஷம் இந்தப் பரீட்சையில் நாம் தோற்றுப்போனோம். 430-வது கிலோமீட்டரில், நள்ளிரவு மழையில், நனைந்த உடையுடன் ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றோம். கால்களில் வலு இருந்தது. கையில் 12 மணி நேரம் பாக்கி இருந்தது. ஆனால் பல் கிட்டிக்கொண்டது, உடம்பு நடுங்கிற்று. வீட்டுக்கு டெலிபோன் செய்து, வண்டி வரவழைத்துத் திரும்பினோம். வழியெல்லாம் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் மிகவும் உறைத்தது. இந்த வருஷப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரந்தான். ஆகவே, மழையை நாமே தேடிப் போய்ப் பழகிவிடுவது என்று தீர்மானித்தோம்.

நீலகிரிக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தை நனைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது அதுதான்.

நம்முடன் இரண்டு பேர். ஒருவர் பென்ஷன் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார். இந்தப் பரீட்சைகளைப் பலமுறை முடித்தவர். இன்னொருவர் மில்லில் வேலை பார்க்கும் இளைஞர். தோல்வி என்பதை இதுவரை அறியாதவர். மேட்டுப்பாளையத்தில் பவானியைத் தாண்டும்போது ஆறு மணி. பாக்குத் தோப்புகளில் தூறல் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும்.

குஞ்சப்பனை வரையில் உத்ஸாகமாகவே ஏறினோம். அதன் பிறகு மழை வலுத்தது. ஏறும்போது மழை ஒரு விரோதியே அல்ல. உடம்புச் சூட்டில் அது இதமாகவே இருக்கிறது. சிறிய கியரில் போட்டு, மூச்சு வாங்காத அளவில் மிதித்து, மணிக்கு ஒரு கடலை மிட்டாயோ வாழைப்பழமோ சாப்பிட்டுக்கொண்டு போனால் மலை மெள்ள மெள்ளத் தானே இறங்கி வருகிறது. முள்ளூர் தாண்டித் தேயிலைத் தோட்டங்கள் தென்பட்டன. பச்சை வெல்வெட்டை விரித்து அதன்மேல் வெண்பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் மேகங்கள் கிடந்தன.

1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் கோத்தகிரிப் பக்கமாகத்தான் மலை ஏறினார். அவரே நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்று சொல்வதுண்டு. அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பாகவே அங்கே குடியிருந்த தோதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் எல்லாம் தாங்கள் தொலைந்துபோயிருந்ததாக நினைக்கவில்லை!

கோத்தகிரியில் மணி பத்தேகால். பரீட்சைக் கணக்குப்படி இந்த ஏற்றத்துக்கு 2 மணி 12 நிமிஷம். நாம் எடுத்துக்கொண்டதோ நாலேகால் மணி. இந்தக் கடனை இறக்கத்தில் தீர்ப்பது வழக்கம். மழையில் அது முடியாது என்பதுதான் அன்றைய பாடம். நனைந்த சக்கர விளிம்பில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கிறது. பிறகே வண்டியைப் பிடிக்கிறது. வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாக அழுத்திக்கொண்டு வரவேண்டும்.

கட்டபெட்டில் பாதை பிரிகிறது. ஒன்று உதகைக்கு, ஒன்று குன்னூருக்கு. உதகை போய்க் குன்னூர் வழியாக இறங்குவது என்பது நமது திட்டம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குளிர் கூடும் என்பார்கள். மழையும் காற்றும் அதை இரட்டிப்பாக்கிவிட்டன. வாத்தியார் வண்டியை நிறுத்தி, "கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள், பார்க்கலாம்" என்றார்.

நமது கட்டைவிரல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"இந்த விரல் பிரேக் பிடிக்காது. திரும்பிவிடலாம்" என்றார் வாத்தியார்.

"அண்ணா, போன தடவையும் இப்படித்தானே நின்றுவிட்டீர்கள்?" என்றார் இளைஞர்.

சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. உதகையைப் பார்த்த பாதையில் சைக்கிளைத் திருப்பிக்கூடப் பிடித்துவிட்டோம். வாத்தியார் குரலை உயர்த்தாமல், 2009 நவம்பரில் இதே மலைச்சரிவுகள் மழையில் பெயர்ந்து விழுந்ததை ஞாபகப்படுத்தினார். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்ட மழை அது. "பரீட்சையில் 170 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது நிற்பது வேறு, ஒத்திகையில் நிற்பது வேறு. வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். நாம் சைக்கிளைத் திருப்பினோம்.

பக்கத்து டீக்கடை அம்மாள் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஏனுங்க, பெட்ரோல் வெலை ஏறிப்போச்சுன்னா இந்த மழையிலயா சைக்கிள் ஓட்டறது?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. சென்ற வருஷத்துத் தப்பை மட்டும் மறுபடி செய்யவில்லை. டீ வருவதற்கு முன்பே ஈரச் சட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்த உலர்ந்த பனியனைப் போட்டுக்கொண்டோம். அந்த அம்மாளிடம் பழைய தினசரித் தாள்களை வாங்கி, நெஞ்சுக்கும் மழைச் சட்டைக்கும் நடுவில் மடித்துச் செருகினோம். காகிதம் காற்றை அடியோடு தடுத்துவிடுகிறது. பத்திரிகைகளால் தேசத்துக்கு என்ன உபயோகம் என்று கேட்கிறவர்களுக்கு இதை விண்ணப்பித்துக்கொள்கிறோம். பன்னிரண்டாவது நிமிஷத்தில் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது.

வந்த வழியே இறங்கினோம். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டோம். மாமரம் அருகே இளைஞர் தாமாகவே வண்டியை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, பேப்பர் இன்னும் இருக்கிறதா?" என்றார். நமது நெஞ்சிலிருந்து பாதியை எடுத்துக் கொடுத்தோம். மேற்கொண்டு இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மேட்டுப்பாளையத்தில் மழையே இல்லை, வெயில் காய்ந்தது. வீடு திரும்பியதும், "உதகை எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். போகவில்லை என்றோம். நெஞ்சிலிருந்து எடுத்த தாளை மின்விசிறிக்கு அடியில் விரித்தோம். அச்செழுத்து பனியனில் தலைகீழாகப் பதிந்திருந்தது. அடுத்த ஞாயிறும் மழை என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. இந்தத் தடவை ஆளுக்கு இரண்டு பனியன், கூடவே கொஞ்சம் பழைய பேப்பர்.