குவாலா கங்சாரில் ஒரு பால் மரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆற்றங்கரையோரமாக அமைந்த அழகான ஊர் குவாலா கங்சார். சுல்தானின் அரச நகரம். பொன்னிறக் கும்மட்டங்கள் மின்னும் உபுதியா மசூதியைப் பார்க்காமல் யாத்திரிகர்கள் யாரும் திரும்புவதில்லை. நீங்கள் போனால், நில அலுவலகத்தின் அருகே நிற்கும் கிழ ரப்பர் மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். "மரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்கிறீர்களா? நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் கதையே அதில் இருக்கிறது!

1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேஸில் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000-கூட இல்லை. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-ல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது இந்த ஊரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் எஞ்சியதுதான் இந்த மரம்.

தோட்டத் துரைமார்கள் முதலில் ரப்பரைச் சட்டை செய்யவில்லை. காப்பிதான் பெரிதாயிருந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்து, கன்று நடும்படி எல்லோரையும் நச்சரித்தார். அவருக்குக் கிடைத்த பட்டம் 'பைத்தியக்கார ரிட்லி'!

மோட்டார் கார் வந்தது, பைத்தியம் தெளிந்தது. 1910-ல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. சில கம்பெனிகள் நூற்றுக்கு நூறுக்கும் மேல் லாபப் பங்கு கொடுத்தன. பிறகு கேட்கவேண்டுமா? காட்டை வெட்டி எங்கு பார்த்தாலும் ரப்பர் நட்டார்கள்.

இங்கேதான் வினை. கத்தரிக்காய் விலை ஏறினால், தோட்டக்காரர் சில மாதங்களில் காய்த்துக் கொண்டுவந்துவிடுவார். ரப்பர் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். விலை ஏறியபோது நட்ட கன்றுகளெல்லாம் சேர்ந்தாற்போல் பால் சுரந்தன. 1921-ல் விலை ஒரு ஷில்லிங்குக்குக் கீழே போயிற்று.

1922-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்டீவன்ஸன் திட்டம் கொண்டுவந்து, மலேயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைக் குறைத்தது. 1925-ல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியது. ஆனால் பக்கத்து டச்சுத் தீவுகள் திட்டத்தில் சேரவில்லை. இவர்கள் விட்ட சந்தையை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1928-ல் திட்டம் கைவிடப்பட்டது. உலக மந்தமும் சேர்ந்துகொள்ள, 1932-ல் ஒரு ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே! ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 144 பென்ஸ் விற்ற சரக்கு எங்கே போயிற்று, பாருங்கள்!

இந்தக் கணக்கு லண்டனில் நடந்தது. பால் எடுத்தவர்கள் யார்? கங்காணிகள் திரட்டிக் கப்பலேற்றிய தமிழ் மக்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் உளியால் பட்டையை மெல்லச் சீவி, கோப்பை வைத்து, வெயில் ஏறுமுன் வாளிகளில் பாலைச் சுமந்து வருவார்கள். பெண்களும் ஆண்களோடு மரம் சீவினார்கள். ஆனால் கூலி வேறு. 1928-ல் பெரிய தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 என்று நிர்ணயித்தார்கள். 1930-ல் அது 40-ஆகவும் 32-ஆகவும் குறைந்தது. 1910-ல் விலை வானத்தைத் தொட்டபோது கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. இறங்கும்போது மட்டும் கூடவே இறங்கிற்று!

அந்தக் கூலியும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து, பிழைக்கப் போன கடல் வழியே ஊர் திரும்பினார்கள்.

இன்று அந்நாட்டில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடாகிவிட்டன. குவாலா கங்சார் மரத்துக்கு வேலி கட்டிக் காக்கிறார்கள். நல்ல காரியம். அதன் நிழலில் நிற்கும்போது அந்த 12 ஷில்லிங்கோடு, 1930-ல் ஒரு தாயின் கூலியில் குறைந்த 8 சென்ட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.