100-400: ஒரு காமர்ஸ் மாணவனின் லென்ஸ் கணக்கு

காமர்ஸ் படிக்கிற பயலுக்கு கேமராவோட என்ன வேலைன்னு கிளாஸ்ல நிறைய பேர் கேட்டாச்சு. என்னைக் கேட்டால், டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்குவது பாதி போட்டோகிராஃபி, பாதி காஸ்ட் அக்கவுண்டிங். கையில் இருக்கிற காசு ஒண்ணு, கண்ணுக்குத் தெரியிற லென்ஸ் நாலு. அதில் ஒண்ணை மட்டும் எடுக்கணும். அடுத்த நாலைந்து வருஷத்துக்கு வேற வாங்க முடியாது. மூணு மாசம் மண்டையைக் குழப்பி நான் போட்ட கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் முதலீடு. ரெண்டு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துச் சேர்த்தது 45,000 ரூபாய். கேமரா கேனன் 200டி, அதுவும் பழசுதான். புதுசாக நல்ல ஜூம் வாங்க இந்தக் காசு பத்தாது. ஆனால் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு எல்லாரும் மாறிக்கொண்டிருப்பதால், டி.எஸ்.எல்.ஆர் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நிறைய வருது. என்னை மாதிரி ஆட்களுக்கு இதுதான் அறுவடைக் காலம் :-)

களத்தில் இருந்தவை நாலு. கேனன் 55-250 எஸ்.டி.எம், 375 கிராம், விலையும் குறைவு. கேனன் 70-300, 2016-ல் வந்த இரண்டாவது வெர்ஷன், 710 கிராம். சிக்மா 100-400, 2017-ல் வந்தது, 1,160 கிராம். கடைசியாக எல்லாரும் பெருமூச்சு விடுகிற சிக்மா 150-600 கன்டெம்ப்ரரி, 2015-ல் வந்தது, 1,930 கிராம்.

"பறவை எடுக்கணும்னா 600 வேணும், அதுக்குக் கீழ எதுவும் வேஸ்ட்" என்று சொல்லாத ஆளே இல்லை. எந்தப் பறவை, எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் யாரும் கேட்கலை.

நான் அடிக்கடி போகிற இடம் கூந்தன்குளம். திருநெல்வேலியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிச்சாங்க, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் வந்தது. மற்ற சரணாலயங்கள் மாதிரி பறவை ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம் என்று இங்கே கிடையாது. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். ஊர்க்காரங்களும் அதுங்களைத் தொந்தரவு பண்ண விட மாட்டாங்க. அதே ஊரில், குளத்துக்கு நடுவே வரித்தலை வாத்துக் கூட்டம் புள்ளி புள்ளியாக மிதக்கும். ஒரே காலையில் எட்டு மீட்டரிலும் படம் எடுக்கணும், நூற்றைம்பது மீட்டரிலும் எடுக்கணும்.

இங்கேதான் எக்செல் உதவிக்கு வந்தது. ஃபார்முலா ரொம்ப எளிது. பறவையின் அளவை ஃபோகல் லெங்த்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சாரில் அது எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரிஞ்சிடும். என் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம்.

மரத்து நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். எட்டு மீட்டர் தூரத்தில், 100 எம்.எம்-ல் சென்சாரில் 12.5 மி.மீ. கேமராவைப் படுக்கையாகப் பிடித்தாலும் முழுப் பறவையும் ஃபிரேமுக்குள் நிற்கும். 150-ல் 18.75 மி.மீ. ஒண்ணு தலை வெளியே போகும், இல்லைன்னா கால். கேமராவைத் திருப்பிப் பிடிக்கலாம், ஆனால் பக்கத்துக் கூடு, குஞ்சு, கிளை எல்லாம் போயிடும். ஆக 150-600 வாங்கினால், இந்த ஊரின் விசேஷமே என் படத்தில் இருக்காது.

வெண்மார்பு மீன்கொத்தி 28 செ.மீ. இருபது மீட்டரில் 250 எம்.எம்-க்கு 3.5 மி.மீ, 400-க்கு 5.6, 600-க்கு 8.4. 250-க்கும் 400-க்கும் இருக்கிற வித்தியாசம், கொஞ்சம் க்ராப் பண்ணினால் படம் நிக்குமா நிக்காதா என்கிற வித்தியாசம். 55-250 இங்கே தோற்றது. 70-300-ம் 4.2 மி.மீ. தான்.

இப்போ வாத்து. 75 செ.மீ. பறவை, 150 மீட்டர். 400-ல் 2 மி.மீ, 600-ல் 3 மி.மீ. ரெண்டுமே ஃபிரேமில் ஒரு மூலைக்குத்தான் காணும். அதுவும் காலையில் சீக்கிரம் எடுத்தால்தான். வெயில் ஏறிட்டால் தண்ணிக்கு மேலே கானல் ஆட ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் லென்ஸ் எவ்வளவு நீளமோ, அவ்வளவு பெரிதாக அந்த ஆட்டமும் படத்தில் விழும். நடுவில் இருக்கிற காற்றுக்கு வைத்தியம் பண்ண எந்தக் கம்பெனியும் லென்ஸ் செய்யலை. முதல் பஸ் பிடிக்கிறதுதான் ஒரே வழி, அதுக்கு பட்ஜெட் வேண்டியதில்லை.

அடுத்தது மலைப்பக்கம். பாபநாசம், குற்றாலம் போனால் பறவையை விடப் பட்டாம்பூச்சிதான் கையில் சிக்கும். அங்கே பார்க்க வேண்டியது, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பது. 55-250-க்கு 0.85 மீட்டர், 100-400-க்கு 1.6, சிக்மா 150-600-க்கு 2.8. ஒத்தையடிப் பாதையில் 2.8 மீட்டர் பின்னால் போனால் முள்ளுச்செடிக்குள்ளேதான் நிற்கணும். 100-400-ன் அதிகபட்ச உருப்பெருக்கம் 0.26. அதாவது 8 செ.மீ. இறக்கை விரித்த பட்டாம்பூச்சி சென்சாரில் 20.8 மி.மீ, ஃபிரேமின் அகலமே கிட்டத்தட்ட நிறைஞ்சிடும். 1.6 மீட்டர் தள்ளி நிற்பதால் அதுவும் மிரளாது. ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு.

குறையையும் சொல்லணும். 400-ல் அபர்ச்சர் எஃப் 6.3 தான். மர நிழலில் ஐ.எஸ்.ஓ-வை ஏத்தியே ஆகணும், படத்தில் மணல் தூவின மாதிரி நாய்ஸ் வரும். ஸ்டெபிலைசர் நம்ம கை நடுக்கத்தைத்தான் சரி பண்ணும், தாவுகிற அணிலை நிறுத்தாது. ஆனால் 150-600-ம் 600-ல் எஃப் 6.3 தான். கேனன் ரெண்டும் எஃப் 5.6. அது வெறும் மூணில் ஒரு ஸ்டாப்தான் கூடுதல். நிஜமாகவே வெளிச்சம் வேணும்னா லட்சக்கணக்கில் போகணும், அது நம்ம லெட்ஜரிலேயே இல்லை.

இனி எக்செல்லில் வராத விஷயம். எனக்குக் கேட்ட விலையில் 150-600 அறுபதாயிரம். பதினைந்தாயிரம் துண்டு விழுது. அப்பாகிட்ட கேட்டால் எப்படியாவது புரட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் ஜூன் மாசம் தங்கச்சிக்கு காலேஜ் அட்மிஷன். மளிகைக் கடையில் ஜூன் மாசம் எப்படி இருக்கும்னு கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் எப்பவும் தங்கத்தில்தான். "இந்தக் காசுக்கு உன் தங்கச்சிக்கு ஒரு கம்மலாவது எடுத்திருக்கலாம்லா" என்றாள். அப்பா கேட்டது ஒரே கேள்வி. "ஏலேய், இதுல வருமானம் உண்டா?" இல்லைன்னு சொன்னேன். "அப்போ நஷ்டம் எவ்வளவுன்னு சொல்லு" என்றார்.

எனக்கு வாய்த்த பேராசிரியர்களிலேயே சிறந்தவர் இவர்தான். உட்கார்ந்து எழுதிக் காட்டினேன். 42,000-க்கு வாங்கி, மூணு வருஷம் கழித்து 34,000-க்கு வித்தால் தேய்மானம் 8,000. மாசம் ரெண்டு தடவை போனால் 72 பயணம். ஒரு பயணத்துக்கு 111 ரூபாய். விக்காமல் வைத்துக்கொண்டாலும், நாளைக்கு கேனன் மிரர்லெஸ் வாங்கினால் அடாப்டர் போட்டு இதே லென்ஸை ஓட்டலாம். ரெண்டு கிலோ லென்ஸையும் அதுக்கு ஒரு மோனோபாடையும் டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு மாசம் ரெண்டு தடவை நான் போக மாட்டேன். அது பீரோவில் தூங்கும். எங்க பாடத்தில் அதுக்குப் பேர் ஐடில் கெபாசிட்டி. பயணம் குறையக் குறைய ஒரு பயணத்துக்கான செலவு ஏறிக்கொண்டே போகும்.

100-400 எடுத்தேன். பழைய லென்ஸ் வாங்கப் போறவங்களுக்கு நான் பார்த்ததைச் சொல்லிடுறேன். டார்ச் அடித்து ரெண்டு பக்கமும் உள்ளே பாருங்க. நூல் நூலாகவோ சிலந்தி வலை மாதிரியோ தெரிஞ்சால் பூஞ்சை, வேண்டாம்னு வந்துடுங்க. ஜூம் வளையத்தைக் கடைசி வரை திருப்பிப் பாருங்க, எங்கேயும் சிக்கக் கூடாது. உங்க கேமராவில் மாட்டி, 400-ல் அபர்ச்சரை முழுசாகத் திறந்து, தூரத்து போர்டு எழுத்தை எடுத்து, பெரிதாக்கி நாலு மூலையும் பாருங்க. பில் இருந்தால் கேட்டு வாங்குங்க. வாங்கினதும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க, நம்ம ஊர் மழைக்காலத்துக்கு அது அவசியம்.

ஏழு மாசம் ஆச்சு. நான் வைத்திருக்கிற படங்களில் பாதிக்கு மேல் 400-ல் எடுத்தவைதான், அந்த அளவுக்கு 600 கட்சிக்காரங்க சொல்றதும் நியாயம்தான். ஆனால் அப்பா கேட்டு வாங்கிக் கடையில் காலண்டர் பக்கத்தில் மாட்டியிருக்கிற படம் 110-ல் எடுத்தது. வாசல் வேப்பமரம், ஒரு நாரை, ரெண்டு குஞ்சு, பின்னால் ஓட்டு வீட்டுக் கூரை.

காரில் போறவங்களுக்கும், ஏரிக்கரையில் மட்டும் உட்கார்ந்து எடுக்கிறவங்களுக்கும் விடை வேற வரும். 600 அவங்களுக்குச் சரியான லென்ஸாகவே இருக்கலாம். விலைப்பட்டியலைத் திறக்கிறதுக்கு முன்னால் மூணு எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கோங்க: நீங்க எடுக்கிற உயிரின் அளவு, அது நிற்கிற தூரம், மாசத்துக்கு எத்தனை தடவை போவீங்க. மீதி வெறும் பெருக்கல், வகுத்தல்தான்.