பரண் மேல் இருக்கும் பொம்மை ரயிலுக்கும் நோய் வரும்

1/ உங்க வீட்டுப் பரண்ல, சாவி கொடுத்தா ஓடுற பழைய தகர ரயில் இருக்கா? சக்கரம் உடைஞ்சிருக்கா? ஸ்பேர் தேடுறதுக்கு முன்னாடி இந்த த்ரெட்டைப் படிச்சிடுங்க. பாதி ரயிலுக்காக, மீதி உங்க வீட்டுக் குழந்தைக்காக.

2/ என் கிளினிக் ராயபுரத்துல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய ஊர். எனக்குப் பழைய பொம்மை ரயில் பைத்தியம் உண்டுன்னு என் பேஷண்டுகளுக்குத் தெரியும். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன ஒரு பெரியவர், சுகர் ரிப்போர்ட்டோட ஒரு துணிப்பையும் கொண்டு வந்தார். உள்ளே ஒரு இன்ஜின், பின்னால் மாட்டும் கரி வண்டி, ரெண்டு துண்டு தண்டவாளம்.

"எங்க நைனா மூர் மார்க்கெட்ல வாங்கினது சார். வீலு தூள் தூளா போயிடுச்சு. பேரனுக்கு ரெண்டு வயசு. ரெடி பண்ணி குட்துடலாம்னு பாக்குறேன்."

3/ ரயிலா இருந்தாலும் முதல்ல ஹிஸ்டரி, அப்புறம் எக்ஸாமினேஷன், கடைசியாத்தான் மருந்து. பழைய மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சு போச்சு. அங்க வாங்கினதுன்னா வாங்கிய காலம் அதுக்கு முந்தி. செகண்ட் ஹேண்ட் பொருள்னா, செஞ்ச காலம் இன்னும் முந்தி.

4/ அடுத்து தண்டவாளம். ஒரு கம்பியின் உள்பக்கத்திலிருந்து மறு கம்பியின் உள்பக்கம் வரை அளங்க. 45 மி.மீ. வந்தா ஒண்ணாம் நம்பர் கேஜ். 32 வந்தா 'ஓ' கேஜ். 16.5 வந்தா 'ஓஓ' அல்லது 'ஹெச்ஓ'. இவருடையது 32.

5/ அப்புறம் பெயர். இதில் 'ஹார்ன்பி', 'மெக்கானோ லிமிடெட், லிவர்பூல்' என்று இருந்தது. பிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி 1920-ல் ரயில் விற்க ஆரம்பித்தது. கரி வண்டியில் 'எல்எம்எஸ்' என்ற எழுத்து. அந்த ரயில் கம்பெனி 1923-ல் உருவாகி, 1948-ல் அரசுடைமை ஆனது. ஆக, இந்தப் பொம்மை 1923-க்கு முந்தியது இல்லை. உங்க ரயில்ல மார்க்லின், பிங் மாதிரி ஜெர்மன் பெயர் இருந்தா தேட வேண்டிய பார்ட்டே வேற.

6/ இப்போ நோய். சக்கரம் கீழே விழுந்து உடையலை. துத்தநாகக் கலவையில் வார்த்த சக்கரம் அது. அந்தக் காலத்து வார்ப்பில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். 'ஜிங்க் பெஸ்ட்' என்பார்கள். ஈரக்காத்து அதை வேகப்படுத்தும். நம்ம கடலோரத்தைப் பத்தி சொல்லவே வேணாம். இதுக்கு மருந்து கிடையாது, மாத்துறது மட்டும்தான். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீங்க.

7/ முக்கியமான விஷயம்: மிச்சம் இருக்கிற சக்கரத்தை சாம்பிளா கொடுக்கும்போது, அதில் மயிரிழை விரிசல் இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. விரிசல் இருந்தா அதுவும் உப்பியிருக்கும், அளவு தப்பா வரும். இவருடைய நாலில் ஒண்ணுதான் நல்லா இருந்தது.

8/ ஸ்பேர் எங்கே? காயலான் கடையில இதே மாடல் கிடைச்சா லாட்டரிதான். பிரிட்டனில் ஹார்ன்பி ரயில்வே கலெக்டர்ஸ் அசோசியேஷன் இருக்கு. இந்தச் சக்கரங்களைப் புதுசா வார்த்து விற்கிற சிறு வியாபாரிகளும் அங்கே உண்டு. கேட்டு எழுதும்போது சக்கரத்தின் விட்டம், அச்சின் தடிமன், ஆரங்களின் எண்ணிக்கை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ எல்லாம் அனுப்புங்க. இல்லைன்னா நம்ம ஊர் லேத் பட்டறை. திருவொற்றியூர்ல ஒரு பட்டறையில் பித்தளையில் கடைஞ்சு தந்தாங்க.

9/ பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கை முழுசா தளர விடுங்க. முறுக்கோட இருக்கிற ஸ்பிரிங் தெறிச்சா விரலுக்குத் தையல் போட எங்கிட்டதான் வரணும்.

10/ இனி டாக்டரா பேசுறேன். அந்தக் காலத்து பொம்மை பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சின்னக் குழந்தைகள் பெரியவங்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைத் தொடும். வெளியே ஒண்ணும் தெரியாது. ரெண்டு வயசுக் குழந்தை எதைக் கையில் எடுத்தாலும் அடுத்து வாய்தான்.

11/ இதைச் சொன்னதும் பெரியவர் முகம் விழுந்துடுச்சு. "அப்போ எதுக்கு சார் ரெடி பண்ணணும்? அவனுக்குத்தான வெச்சிருந்தேன்." அறுபது வருஷமா யார் கையிலும் கொடுக்காம காப்பாத்தினது. சட்டுன்னு பதில் சொல்ல முடியலை.

"நீங்க சாவி கொடுத்து ஓட்டுங்க ஐயா. அவன் தள்ளி நின்னு பாக்கட்டும். உங்க நைனா வாங்கின ரயிலை நீங்க ஓட்டி அவன் பார்த்தான்னு இருக்கட்டும். தொட்டு விளையாட வேற ரயில் வாங்கிக் கொடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் இன்ஜினையே பார்த்துட்டு, "கண்ணாடி பீரோல வெச்சிடுறேன் சார்" என்றார்.

12/ சுருக்கமா: பெயின்ட்டைச் சுரண்டாதீங்க, உப்புத்தாள் போடாதீங்க, அந்தத் தூசிதான் ஆபத்து. ஈரத்துணியால் துடைங்க. தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. ஈரம் படாத இடத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைங்க. பெயின்ட் உரியும் பொம்மையைக் குழந்தை ஏற்கனவே வாயில் வெச்சு விளையாடியிருந்தா பயப்பட வேணாம். குழந்தைகள் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்குங்க.

பரண்ல ரயில் வெச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. 🙏