703 ரூபாய்க்குச் சில்லறை

அம்மன் காசுன்னு சொந்தமா நாணயம் அடிச்ச சமஸ்தானம் நம்ம புதுக்கோட்டை. அதனால இந்தக் கணக்கையும் காசு வச்சே சொல்றேன்.

ஒரு ஊர்ல 1, 64, 729, 4096 ரூபாய்ன்னுதான் பணம் இருக்குன்னு வச்சுக்குங்க. எல்லாமே 1, 2, 3, 4-ன் ஆறாம் அடுக்குகள். வரிசை இன்னும் மேல போகும். இப்போ 703 ரூபாய் தரணும். 729 பெருசு, ஆகாது. பத்து 64 கொடுத்தா 640. மிச்சம் 63-க்கும் ஒத்த ரூபாயா எண்ணணும். மொத்தம் 73 காசு. இதுக்குக் குறைச்சு முடியவே முடியாது. ஒரு ரூபாய் கூட்டி 704 ஆக்கினா? பதினோரு 64, வேலை முடிஞ்சது!

மளிகைக் கடை வச்சிருக்கிற எங்க அப்பாகிட்ட இதைச் சொன்னேன். உடனே புரிஞ்சுடுச்சு. ஆனா ஒண்ணு கேட்டார்: "703 சரிடா. லட்சத்துல, கோடியில இதைவிட மோசமான தொகை இருக்காதுன்னு எப்படிச் சொல்ற?"

உண்மையான கேள்வி அதுதான். எந்த எண்ணுக்கும் 4 வர்க்கங்கள், 9 கனங்கள், 19 நான்காம் அடுக்குகள் போதும், இப்படியே போகும்னு எட்வர்ட் வாரிங் 1770-ல் நிரூபிக்காமலே எழுதி வச்சார். ஆறாம் அடுக்குக்கு 73 போதும்னு 1940-ல் நிரூபிச்சவர் எஸ்.எஸ். பிள்ளை. வல்லத்துக்காரர். தஞ்சாவூர் வல்லம் இல்ல, குற்றாலம் பக்கத்து வல்லம். அப்போ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். கம்ப்யூட்டர் கிடையாது.

ஆச்சரியம் என்னன்னா, அதைவிடச் சின்ன அடுக்குகள்தான் லேட்டா விழுந்தது. ஐந்தாம் அடுக்குக்கு 37-ன்னு சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல் நிரூபிச்சார். நான்காம் அடுக்குக்கு 19-ன்னு சென்னையோட ஆர். பாலசுப்பிரமணியனும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் 1986-ல் முடிச்சாங்க. இப்போ 19-ஐயும் 37-ஐயும் பெருக்கிப் பாருங்க. 703! இது தற்செயல்தான், எதையும் நிரூபிக்காது. ஆனாலும் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நாலு வருஷமா நாம பழகினது டெஸ்ட் கேஸ். பத்து பாஸ் ஆனா சப்மிட். கோடி எண்களுக்குச் சரியா வந்தாலும், அதுக்கு அடுத்த எண் தப்பாகலாம். எல்லா எண்ணுக்கும் சேர்த்து ஒரே தடவையில பேசுறதுதான் நிரூபணம். எனக்கு அதைப் படிக்கணும். எம்.எஸ்சி. கணிதம்.

பிளேஸ்மென்ட் ஆர்டர் கையில இருக்கு. எஜுகேஷன் லோனும் இருக்கு. "இதனால என்னடா யூஸ்?"னு ஹாஸ்டல்ல கேட்டாங்க. என்கிட்ட நல்ல பதில் இல்ல. பிள்ளை 1950-ல் அமெரிக்காவுக்கு, ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குக் கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்னைக்குக் கெய்ரோ பக்கத்துல விமானம் விழுந்து இறந்துட்டார். வயசு 49. அவர் நிரூபிச்ச 73-ஐ இனி யாராலும் மாத்த முடியாது. என் ரெஸ்யூமேல அப்படி ஒரு வரிகூட இல்ல.

ரெண்டு வருஷம் வேலை, லோன் முடிச்சுட்டு நுழைவுத் தேர்வுன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. "அந்தப் பிள்ளை எப்படி நிரூபிச்சாருன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு, பார்ப்போம்"னார்.

படிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் மூணாவது பக்கத்தைத் தாண்டல.