பாலத்துக்குக் கணக்குப் போடும் ஆபீஸ்

லண்டனுக்குப் போய் வந்தவர்கள் அரண்மனையைப் பற்றியும் மெழுகுப் பொம்மைகளைப் பற்றியும் எழுதி எழுதி, நமக்கெல்லாம் அந்த ஊர் மனப்பாடமாகிவிட்டது. நான் சொல்லப்போவது என் தங்கை வேலை பார்க்கும் ஆபீஸைப் பற்றி. பிரசவத்துக்குப் பின் பத்து மாதம் வீட்டிலிருந்துவிட்டு, 2024 கோடையில் அவள் மறுபடி வேலைக்குப் போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் நான் போயிருந்தேன்.

தங்கை கிண்டியில் சிவில் இஞ்சினீயரிங் படித்தவள். நான் பத்தாவதோடு நின்றவள். இஞ்சினீயர் என்றால் தலையில் தொப்பியும் காலடியில் ஜல்லியும் மணலும்தான் எனக்குத் தெரியும். அவளோ, "நாங்க எதையும் கட்ட மாட்டோம் அக்கா. எப்படிக் கட்டணும்னு கணக்குப் போட்டு, படம் வரைஞ்சு கொடுப்போம். கட்டறது கான்ட்ராக்டர்" என்றாள். அதற்குப் பெயர் கன்சல்டிங் கம்பெனியாம். டாக்டர் சீட்டு எழுதுகிறார், மருந்தை மருந்துக் கடைக்காரர் கொடுக்கிறார். அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

ஒரு நாள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நானும் ஆபீஸுக்குப் போனேன். மேனர் பார்க்கில் எலிசபெத் லைன் ரயில் ஏறினால் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கலாம். 2022-ல் திறந்த பாதை இது. இதற்காக ஊருக்கு அடியில் 42 கிலோமீட்டருக்குப் புதிதாகச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய 8 இயந்திரங்களுக்கும் பெண் பெயர்! அதில் சோஃபியா என்பது தேம்ஸ் நதிக்கடியில் 1843-ல் திறந்த சுரங்கத்தைக் கட்டிய மார்க் புரூனலின் மனைவி. மேரி என்பது அவருடைய மருமகள். மாமனாரும் பிள்ளையும் பெரிய இஞ்சினீயர்கள் என்பது ஊரறிந்த விஷயம். மாமியார், மருமகள் பெயர்கள் மண் தோண்டுகிற மெஷினுக்காவது கிடைத்ததே!

ஆபீஸ் வாசலில் என் பெயரை எழுதிக்கொண்டு ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆறாவது மாடி. கல்யாண வீடு மாதிரி கலகலவென்று இருக்கும் என்று எதிர்பார்த்தால், பரீட்சை ஹால் மாதிரி நிசப்தம். வரைபலகை, ஸ்கேல், பென்சில் ஒன்றுமில்லை. ஆளுக்கு இரண்டு கம்ப்யூட்டர் திரை. இன்னொரு விஷயம், பன்னிரண்டு வருஷ சர்வீஸுக்கு அப்புறமும் என் தங்கைக்குச் சொந்தமாக ஒரு மேஜை கிடையாது. காலையில் எந்த இடம் காலியோ அங்கே உட்கார வேண்டியது. சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்து லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டியது. குழந்தையின் போட்டோவை லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழ, நாற்பது தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. நல்லவேளை, எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு கணக்குத் தாளைக் காட்டினாள். ஓரத்தில் மூன்று கட்டங்கள். கணக்குப் போட்டவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்று மூன்று பேர் கையெழுத்து. போட்டவரே சரிபார்க்கக் கூடாது. சமைத்தவள் நாக்கை நம்பாமல் நாமும் உப்புப் பார்க்க இன்னொருத்தரைக் கூப்பிடுகிறோமே!

இத்தனை ஜாக்கிரதை எதற்கு என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை மில்லெனியம் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செயின்ட் பால் தேவாலயத்தின் எதிரே, நதிக்கு மேல் நடப்பவர்களுக்கு மட்டுமான இரும்புப் பாலம். இதற்குக் கணக்குப் போட்டது அரூப் என்ற புகழ்பெற்ற கன்சல்டிங் கம்பெனி. (தங்கையின் கம்பெனி வேறு.) 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிட்டது! இரண்டே நாளில் மூடிவிட்டார்கள்.

காரணம் வேடிக்கையானது. பாலம் துளி அசைந்தாலும் நாம் விழாமலிருக்கக் காலை அகட்டி, அந்த அசைவுக்குத் தக்கபடி அடி வைப்போம். நூற்றுக்கணக்கான பேர் அப்படி வைத்தால் அதுவே பாலத்தை இன்னும் தள்ளும். "கூட்டினதுல தப்பில்லை அக்கா. இப்படி ஒரு கேள்வி இருக்குங்கறது அப்ப விதிப் புத்தகத்திலேயே இல்லை" என்றாள். கம்பெனிக்காரர்கள் பாலத்தில் ஆட்களை நடக்கவிட்டுப் பரிசோதித்தார்கள். கண்டுபிடித்ததை மூடி மறைக்காமல் தொழிலில் உள்ள எல்லோருக்கும் எழுதி வெளியிட்டார்கள். காரில் இருக்கும் ஷாக் அப்சார்பர் போன்றவையும் வேறு சிலவுமாகச் சுமார் 90 சாதனங்களைப் பொருத்தி 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். அன்று எங்கள் தள்ளுவண்டி ஒரு அசைவில்லாமல் போயிற்று.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்த ஆபீஸில் விற்கிற சரக்கு என்ன தெரியுமா? நேரம்! வெள்ளிக்கிழமை வந்தால் வாரம் முழுவதும் செலவான நேரத்தைக் கால் மணி கால் மணியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணில் எழுதினால்தான் வாடிக்கையாளரிடம் பணம் வாங்க முடியும். எண்ணில் சேராத நேரம் கூடிப்போனால் மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பாராம்.

தங்கை குழந்தைக்குத் தாய்ப்பால் நிறுத்தவில்லை. ஆபீஸில் பூட்டுப் போட்ட தனி அறையும் பால் வைக்க ஃப்ரிட்ஜும் கொடுத்திருக்கிறார்கள். குறை சொல்லக் கூடாது. தினம் இரண்டு தடவை போய்ப் பம்ப்பில் பால் எடுத்து வருவாள். "அந்த நேரத்துக்கு என்ன எண்?" என்று கேட்டேன்.

"அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழிச்சுக்கறேன்."

"அப்ப நீ எப்ப சாப்பிடறே?"

பதில் இல்லை. எனக்கு வந்ததே கோபம்! பாலத்துக்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும். பாலூட்டுகிறவள் பசியைப் பார்க்க ஒருத்தர் இல்லையா?

போதாக்குறைக்கு ஒரு ரயில் பாலத்தைச் சோதிக்க அவளைப் போகச் சொல்லியிருந்தார்கள். ரயில் நின்ற பிறகுதான் பார்க்க முடியும் என்பதால் ராத்திரி வேலை. வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு வாரம் தூங்காமல் யோசித்தாள்.

அப்போது அவள் சொன்ன பெயர் டோரதி புக்கானன். 1927-ல் பிரிட்டனின் சிவில் இஞ்சினீயர்கள் கழகத்தில் சேர்ந்த முதல் பெண். சிட்னி துறைமுகப் பாலத்துக்காக லண்டனில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களில் ஒருவர். 1930-ல் கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டார். பாலம் திறந்தது 1932-ல்.

"அந்தக் காலத்தில் வேறே வழி இல்லை. உனக்கு இருக்கே!" என்றேன். இருக்கத்தான் செய்தது. அங்கே பிரசவ விடுப்பு 52 வாரம் எடுக்கலாம். 39 வாரத்துக்குப் பணம் உண்டு. (நம் நாட்டில் 2017 முதல் 26 வாரம், முழுச் சம்பளத்தோடு.) அதோடு வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு என்று 2024 ஏப்ரலில் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. காரணம் காட்டி மறுக்கலாம்.

எழுதிக் கேட்டாள். வாரம் நான்கு நாள் வேலை, ராத்திரி வேலை வேண்டாம், பால் எடுக்கும் நேரத்துக்கு ஒரு எண். ஐந்தாவது வாரம் பதில் வந்தது. நான்கு நாள் சரி, சம்பளமும் அதற்குத் தக்கபடி குறையும். ராத்திரி வேலைக்கு 'அவ்வப்போது பேசிக்கொள்ளலாம்' என்று நழுவல். எண் விஷயம் மேலதிகாரிக்கே தெரியவில்லை. அவர் இன்னொருவரைக் கேட்டு, அவர் வேறொருவரைக் கேட்டு, கடைசியில் ஒரு பொது எண் கிடைத்தது.

நான் ஊர் திரும்பியதற்கு முந்தின வாரம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் தடவையாக அந்த எண்ணில் எழுதினாள். தினம் அரை மணி வீதம், நான்கு நாளைக்கு இரண்டு மணி.