விழுகிற உடம்புக்கு ஒரு முகம்

சண்டைக் கலை தெரிந்த நடிகர்களின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு கொஞ்ச நாளாகவே அடிபடுகிறது. ஜாக்கி சான் எழுபதைத் தாண்டிவிட்டார். டோனி யென் அறுபதைக் கடந்தாயிற்று. ஜெட் லீயைத் திரையில் பார்ப்பதே அபூர்வம். இவர்களுக்கு அடுத்து யார் என்று கேட்டால், யாரும் தேவையில்லை, கம்ப்யூட்டர் போதும் என்கிறார்கள். நாலு மாதம் ஜிம்முக்குப் போன எந்த நட்சத்திரத்தையும் அது நாற்பது பேரை அடித்துப் போடுகிறவராகக் காட்டிவிடுமாம். இதை ரசனை விஷயமாக மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். நமக்கு இது வேலை விஷயம்.

எங்கள் மாலைநேரப் படிப்பகம் வடசென்னையில் இருக்கிறது. வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் குத்துச்சண்டை, சிலம்பம், கராத்தே என்று ஏதாவது ஒன்றைக் கற்கிறவர்கள். வருஷத்துக்கு ஒருவனாவது, "அண்ணா, ஸ்டண்ட் யூனியன்ல சேர என்ன பண்ணணும்?" என்று கேட்டுவிடுகிறான். ஹீரோ ஆக என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை. தன் உடம்பு சினிமாவில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பதினாறு வயதுக்குள் இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்த வேலை யாருக்கு என்று முன்கூட்டியே தீர்த்துவைப்பதற்கு நம் நாட்டில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் சண்டை நாயகன் என்கிற ஆளே இந்தத் தீர்ப்பை மீறித்தான் திரைக்கு வந்தான். வடசென்னை ஜிம்களில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் புரூஸ் லீ படம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1966-67இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'தி கிரீன் ஹார்னெட்'டில் அவருக்குக் கிடைத்தது வெள்ளைக்கார நாயகனுக்குக் கார் ஓட்டும் உதவியாளர் வேடம். பார்க்கத் தகுந்த சண்டையெல்லாம் இவருடையது. தொடரின் பெயர் முதலாளியுடையது. ஹாங்காங்குக்குத் திரும்பிப் போன பிறகுதான் அவர் நாயகன் ஆனார். 1972இல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில், ஷாங்காய்ப் பூங்கா வாசலில் நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை என்று மாட்டியிருக்கும் பலகையை எகிறி உதைத்து நொறுக்குவார். தனிக் குவளையையும், செருப்போடு நடக்கக்கூடாத தெருவையும் அறிந்தவனுக்கு அந்தப் பலகையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களும் அந்தப் படங்களைக் கொண்டாடினார்கள். 'என்டர் தி டிராகன்' (1973) படத்தில் அவரோடு நடித்த கறுப்பினக் கராத்தே வீரர் ஜிம் கெல்லி, அடுத்த ஆண்டே 'பிளாக் பெல்ட் ஜோன்ஸ்' படத்துக்கு நாயகனானார்.

இதே புரூஸ் லீ படங்களில் அடி வாங்கி விழுகிற கூட்டத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் ஒருவர் ஜாக்கி சான். ஹாங்காங்கில் இருந்த பிரெஞ்சுத் தூதரக அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்த்தவரின் மகன். ஏழு வயதில் பீக்கிங் ஆப்பெரா பள்ளியில் ஒப்பந்தம் போட்டு விடப்பட்டு, பத்து வருஷம் பிரம்படியோடு வளர்ந்தவர். சாமோ ஹங், யுவன் பியாவ் இருவரும் அதே பள்ளி. ஆப்பெராவுக்குக் கூட்டம் குறைந்ததும் இந்தப் பையன்கள் சினிமாவுக்கு விழுகிற ஆட்களாக வந்து சேர்ந்தார்கள். தாய்லாந்தின் டோனி ஜா, சுரின் மாகாணத்தில் யானை வளர்க்கும் வீட்டுப் பிள்ளை. பல வருஷம் ஸ்டண்ட் குழுவில் இருந்துவிட்டு 2003இல் 'ஓங் பாக்' மூலம் முகம் பெற்றவர். கயிறு இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டூப் இல்லை என்பதே அந்தப் படத்தின் விளம்பரம். 'தி ரெய்டு' (2011) படத்தின் இக்கோ உவைஸ், ஜகார்த்தாவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே சிலாட் பழகியவர். ஆவணப்படம் எடுக்க வந்த இயக்குநர் கண்ணில் பட்டார்.

சமையல்காரர் மகன், யானைக்காரர் வீட்டுப் பிள்ளை, டிரைவர். வேறு எந்த வகை நட்சத்திரத்தின் வரலாற்றிலும் இப்படியொரு வரிசை கிடைப்பது கஷ்டம். காதல் நாயகனை முகம் பார்த்து எடுப்பார்கள், அந்த முகத்தின் நிறத்தையும் சேர்த்துத்தான். சண்டை தெரிந்தவனை மட்டும் உடம்பைப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சந்து வழியாகத்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சிலர் உள்ளே வந்தார்கள்.

தமிழ் சினிமாவிலும் அந்தச் சந்து ஒரு காலத்தில் திறந்திருந்தது. எம்.ஜி.ஆர். வறுமையினால் சிறுவயதிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டவர். ஹாங்காங்குக்கு ஆப்பெரா பள்ளி என்றால் நமக்கு அந்தக் கம்பெனி. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷாவில் இருந்தபடியே அவர் கம்பு சுற்றுவது இன்றைக்கும் பார்க்கச் சலிக்காது. அவரது அரசியல் மீது நமக்கு ஆயிரம் கேள்வி உண்டு, கம்பு மீது கிடையாது. பிறகு நாடகக் கம்பெனிகள் போயின. நட்சத்திரங்களின் வாரிசுகள் வந்தார்கள். சண்டை தெரிந்தவன் டூப் ஆனான், நட்சத்திரம் குளோசப் ஆனார்.

2011இல் 'ஏழாம் அறிவு' வந்தபோது, குங்ஃபூவையே சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்தது காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசன்தான் என்று நெஞ்சை நிமிர்த்தியவர்கள் நம் ஊரில் ஏராளம். போதிதர்மரை ஷாவ்லின் சண்டைக் கலையோடு சேர்க்கும் கதை பதினேழாம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றிலிருந்து பரவியது. ஆய்வாளர்கள் அதை வரலாறாக ஏற்பதில்லை. அது கிடக்கட்டும். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இளவரசனுக்காகப் பெருமைப்பட்டவர்கள், தங்கள் ஊர்த் திருவிழாவில் கம்பு சுற்றும் சேரி வாத்தியாரின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறார்களா?

சண்டைக் கலைஞர்களில் முகம் கிடைத்தவர்களும் உண்டு. மொட்டை ராஜேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் ஃபைட்டர். 'நான் கடவுள்' (2009) படத்தில் வில்லனாக மிரட்டினார். அதற்குப் பிறகு சினிமா அவரைச் சிரிப்பு நடிகராக வைத்துக்கொண்டது. அந்த மொட்டை எப்படி வந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: படப்பிடிப்பு ஒன்றில் ரசாயனக் கழிவு கலந்த தண்ணீரில் குதிக்கச் சொன்னார்கள், குதித்தார், முடி போயிற்று. வேறொரு தொழிற்சாலையில் நடந்திருந்தால் இதைப் பணியிட விபத்து என்று எழுதியிருப்பார்கள். இங்கே அது பட்டப்பெயர்.

நம் தோழர்கள் கொண்டாடிய 'சார்பட்டா பரம்பரை' (2021) பற்றியும் பேச வேண்டும். கறுப்பு நகரத்துக் குத்துச்சண்டையை, அதன் வாத்தியார்களை, வளையத்துக்குள்ளும் விடாத சாதியை அப்படி யாரும் அதற்கு முன் காட்டியதில்லை. எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கில்லை. ஆனாலும் கபிலனாக வந்தது ஆர்யா. அவர் உழைப்பைக் குறை சொல்லவில்லை. உடம்பை வருத்தித்தான் செய்தார். பெரிய பணம் போடுகிறவர்கள் பெரிய முகம் கேட்பார்கள் என்பதும் தெரியும். 'இறுதிச்சுற்று' (2016) அதை வேறு மாதிரி செய்து பார்த்தது. நிஜமாகவே சண்டை விளையாட்டிலிருந்து வந்த ரித்திகா சிங்கை நடிக்க வைத்தது, படமும் ஓடியது. அவர் மும்பைக்காரர். வடசென்னை மீனவப் பெண்ணாக நடிக்க, சண்டை தெரிந்த வடசென்னைப் பெண்ணுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

அடி வாங்குகிற கூட்டத்துக்கு மட்டும் அழைப்பு தாராளம். கறுத்த உடம்பு, பரட்டைத் தலை, கழுத்தில் கயிறு, வசனம் கிடையாது. வியாசர்பாடி ரவுடி, காசிமேட்டு ரவுடி. சண்டைக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே சாதி என்று நாங்கள் சொல்லவில்லை, அப்படி இல்லவும் இல்லை. திரையில் அவர்களுக்குக் கொடுக்கப்படும் சாதி ஒன்றுதான் என்கிறோம்.

விழுவது எப்போதும் நடிப்பாகவே முடிவதில்லை. 2016 நவம்பரில், 'மாஸ்தி குடி' என்ற கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் மூவர் குதித்தார்கள். நாயகன் கரை சேர்ந்தார். வில்லன்களாக நடித்த இருவர் மூழ்கி இறந்தார்கள். 2025 ஜூலை 13 அன்று, நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் சண்டைக்காட்சியின்போது அனுபவமுள்ள சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளோடுதான் காட்சி எடுக்கப்பட்டது என்று இரஞ்சித் துயரத்தோடு அறிக்கை விட்டார். வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் பார்க்கட்டும். அந்த வாரம் சமூக ஊடகத்தில் சாதி வெறியோடு இரஞ்சித்தைக் குதறியவர்களுக்கு செத்துப்போனவர் மீது அக்கறை ஏதும் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கத்துகிறார்கள் என்பதற்காக நாம் வாயை மூடிக்கொள்ள முடியாது. மற்றவர் படத்தில் ஒரு தொழிலாளி இறந்தால் என்ன கேட்போமோ அதை நம்மவர் படத்திலும் கேட்போம். சொல்லப்போனால் இங்கே உரிமையோடு கேட்கலாம்.

அந்த மரணத்துக்குப் பிறகு, இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் சுமார் 650 சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு ஏற்பாடு செய்ததாகச் செய்தி வந்தது. நல்ல காரியம். ஒரு நடிகர் மனசு வைத்தால்தான் காப்பீடு என்றால், அந்தத் தொழிலின் லட்சணம் என்ன?

இனி அந்தக் கம்ப்யூட்டருக்கு வருவோம். புரூஸ் லீ 1973 ஜூலையில் இறந்தபோது 'கேம் ஆஃப் டெத்' பாதியில் நின்றிருந்தது. மாற்று ஆட்களை வைத்து எடுத்து முடித்து 1978இல் வெளியிட்டார்கள். ஒரு காட்சியில் கண்ணாடியின் மேல் புரூஸ் லீயின் அட்டை முகத்தை ஒட்டி, அதற்குக் கீழே வேறொருவர் உடம்பு தெரிகிற மாதிரி படம் பிடித்திருக்கிறார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். அவருக்காக அந்தரத்தில் புரண்டு விழுந்தவர்களில் ஒருவர், முன்னே சொன்ன யுவன் பியாவ். அவர் பின்னால் நட்சத்திரம் ஆனார். அட்டை மட்டமாக இருந்ததால்தான் அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான் என்றாவது தெரிந்தது.

இப்போது அட்டை தேவையில்லை. டூப் இல்லாமல் சுவரில் கால் வைத்துச் சுழன்று உதைத்த விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்தார். அடுத்த செப்டம்பரில் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய அவரது முகம் திரைக்கு வந்தது. தியேட்டர் அதிர்ந்தது. குடும்பத்தின் ஒப்புதலோடு நடந்த விஷயம், அதில் தகராறு இல்லை. அந்த நுட்பம் எங்கே போகும் என்பதுதான் எங்களைத் தூங்க விடவில்லை. முன்பெல்லாம் டூப் போடுகிறவனை முதுகு காட்டித்தான் எடுக்க முடியும். நேராகத் திரும்பினால் ஆள் மாறிவிடுவான். இனி அவன் கேமராவைப் பார்த்தே சண்டை போடலாம். முகத்தை அழித்து நட்சத்திரத்தின் முகத்தை வைத்துவிடலாம். அப்புறம் சண்டை தெரிந்த ஒருவனை நாயகனாக்க எந்தத் தயாரிப்பாளருக்கு அவசியம் வரும்? உடம்பைப் பார்த்து ஆள் எடுத்த அந்த ஒரே சந்தும் அடைபடுகிறது.

2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூட்டத்தில் நிற்கிறவர்களின் உடம்பை ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது முக்கியமான சண்டையாக இருந்தது. ஒப்புதலும் கூலியும் இல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். ஆஸ்கரில் ஸ்டண்ட் வடிவமைப்புக்குத் தனி விருது அறிவித்திருக்கிறார்கள், 2027இல் வரும் படங்களிலிருந்து. நம் தேசிய விருதில் அதை 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கே கொடுக்க ஆரம்பித்தாயிற்று. இரண்டுமே மாஸ்டருக்கான விருதுகள். கயிற்றில் தொங்கியவன் வீட்டுக்கு பேட்டாவோடுதான் போகிறான்.

சட்டம் இல்லாமல் இல்லை. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் திரைத் தொழிலாளியை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது 2025 வரை நடப்பில் இருந்த 1981ஆம் ஆண்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சண்டைக் கலைஞர் என்று பெயர் சொல்லியே அவர்களைத் தன் வரம்புக்குள் சேர்க்கிறது. அந்தத் தொகுப்புகள் மீது தொழிற்சங்கங்களுக்கு இருக்கும் எதிர்ப்பு எங்களுக்கும் உண்டு. இருந்தாலும் அதில் நம் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு வரி இருந்தால் எடுத்துப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த பாபாசாகேப் அப்படித்தான் வேலை செய்தார், பிரிட்டிஷ் அரசோடு அவருக்குத் தகராறு இல்லாமலா?

படிப்பகத்தில் நாங்கள் ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் தயாரித்து வருகிறோம். ஸ்டண்ட் வேலைக்குப் போகிற பையனோ பெண்ணோ கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, ஆம்புலன்ஸ் ஸ்பாட்டில் நிற்குமா, டைட்டிலில் பெயர் வருமா, உடம்பையும் முகத்தையும் ஸ்கேன் எடுத்தால் எந்தப் படத்துக்கு, எத்தனை காலத்துக்கு, என்ன கூலிக்கு. கடைசி விஷயத்தில் சட்டத் தமிழ் எங்களுக்குக் கைகூடவில்லை. இரண்டு வரியோடு நிற்கிறது. சட்டக் கல்லூரியில் படிக்கிற தோழர்கள் யாராவது இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் முடித்துவிடலாம்.