அளவு எழுதும் இடம்

கோவைப் பக்கம் வீட்டு ஒயரிங் எடுத்துச் செய்கிறவர்கள் அத்தனை பேரும் லைசென்ஸ் வைத்திருப்பார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், நான் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். பல வருஷம் நான் அது இல்லாமல்தான் தொழில் செய்தேன். சுவரில் காடி எடுத்துப் பைப் பதிப்பது, ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுப்பது, டிபி பாக்ஸ் கட்டுவது, எர்த் குழி தோண்டுவது எல்லாம் என் கை. வேலை முடிந்து ஈபியில் சர்வீஸுக்கு மனுப் போடும்போது மட்டும் இன்னொரு கை தேவைப்படும். ஒயரிங் முடிந்ததற்கான டெஸ்ட் ரிப்போர்ட்டில் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டு சீல் வைக்க வேண்டுமே, அந்தக் கை.

அப்படி ஒருவர் டவுனில் இருந்தார். பெயர் வேண்டாம். பாரத்தை நீட்டினால் கையெழுத்து, கையெழுத்துக்கு ஒரு தொகை. நான் ஒயரிங் செய்த எந்த வீட்டு வாசலையும் அவர் மிதித்ததில்லை. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம்.

பரீட்சை எழுதலாம் என்று கிளம்பியதற்குப் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. அந்தத் தொகை மிச்சமாகும் என்பது பாதி. மீதி ரோஷம். ஒரு வீட்டுக்காரரின் மகன், இன்ஜினியரிங் படிக்கிற பையன், பேப்பரைப் பார்த்துவிட்டு, "வேலை செஞ்சது நீங்க. இதுல வேற யாரோ பேரு இருக்குதுங்களேண்ணா?" என்று கேட்டான். "நம்ம ஆளுதான் தம்பி" என்று சொல்லிச் சமாளித்தேன். சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, கான்ட்ராக்டர் லைசென்ஸ் நேராகக் கையில் வந்து விழாது என்று. சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. அங்கே கான்ட்ராக்டராகப் பதிய வேண்டுமானால் மேற்பார்வையாளர் தகுதிச் சான்று உள்ள ஆள் வேண்டும், சான்று பெற்ற ஒயர்மேன் வேண்டும், அளக்கிற கருவிகள் சொந்தமாக வேண்டும். என்னைப் போல ஐ.டி.ஐ. வாசலையே பார்க்காமல் மேஸ்திரி கூட நின்று தொழில் பழகியவனுக்கு அடிப்படி, மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் 5 வருஷத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், மாலை நேர வகுப்பில் படித்திருக்க வேண்டும். அனுபவச் சான்றுக்கு யாரிடம் போவது? எனக்குத் தெரிந்த லைசென்ஸ்காரர் ஒருவர்தான். என் வேலைகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவரே, இந்த வேலை எனக்குத் தெரியும் என்பதற்கும் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்தாவது உண்மை.

மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என் ஜாதிதான். தலையில் சிமென்ட் தூசியோடு நேராக சைட்டிலிருந்து வந்திருப்பார்கள். பத்தாவதோடு பேனாவைக் கீழே வைத்தவர்கள். வாத்தியார் கெட்டிக்காரர். வந்ததும் ஓம் விதி என்று ஆரம்பித்து எங்களைத் தூங்க வைக்கவில்லை. "3 ஃபேஸ் மோட்டார், ஒரு ஹெச்பிக்கு எத்தனை ஆம்பியர் இழுக்கும்?" என்று கேட்டார். "ஒன்றரை!" என்று வகுப்பே கத்தியது. தொழிலுக்கு வந்த முதல் மாசம் எந்த மேஸ்திரியும் சொல்லித்தரும் கணக்கு அது.

"எதுக்கு ஒன்றரை?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

போர்டில் எழுத ஆரம்பித்தார். 5 ஹெச்பி மோட்டார். ஒரு ஹெச்பி 746 வாட், ஆக 3730 வாட். கீழே 415 வோல்ட், அதோடு மூன்றின் வர்க்கமூலம் 1.732, பவர் ஃபேக்டர் 0.8, மோட்டாரின் திறன் 0.85. எல்லாவற்றையும் பெருக்கி வகுத்தால் 7.6 ஆம்பியர். ஐந்தால் வகுத்தால் ஒன்றரையும் கொஞ்சமும். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். என் மேஸ்திரிக்கு வர்க்கமூலம் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. அவருடைய மேஸ்திரி சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். எங்கேயோ ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, விடையை மட்டும் கீழே இறக்கிவிட்டிருக்கிறார்.

விடையை மட்டும் வைத்திருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. பவர் ஃபேக்டர் குறைந்த பழைய மோட்டார், அடிக்கடி ரீவைண்டிங் ஆனது, ஒன்றரைக் கணக்குக்குக் கட்டுப்படாது. எந்த இடத்தில் கணக்கு தப்பும் என்பது விடைக்குள் இல்லை. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே செட்டிங்கும் இதே கதைதான். லைன் ஆம்பியரில் 58 சதவீதத்துக்கு வை என்பார்கள், நானும் வைத்துக்கொண்டிருந்தேன். டெல்டாவில் ஓடும்போது ரிலே வழியாகப் போவது லைன் கரன்ட் இல்லை, ஃபேஸ் கரன்ட். அது லைனை 1.732ஆல் வகுத்தது, அதாவது 0.577 பங்கு. 7.6 ஆம்பியர் மோட்டாருக்கு ரிலே 4.4இல் நிற்க வேண்டும். ரிலே லைனிலேயே மாட்டியிருந்தால் 58 பேச்சே கிடையாது, முழு ஆம்பியர்தான். ரிலே எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்காமலே 58ஐப் பிடித்துத் தொங்குகிறவர்களை நான் இப்போதும் பார்க்கிறேன்.

பேனா பிடிப்பதுதான் பெரும்பாடு. கட்டிங் பிளேயரை நாள் முழுக்கப் பிடித்தாலும் வலிக்காத கை, அரைப் பக்கம் எழுதினால் மரத்துப்போகும். மாடிப்படிக்கு டூவே சுவிட்ச் இணைப்பு, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவேன். அதையே பேப்பரில் வரை என்றால் கோடு எங்கேயோ போய் முட்டிக்கொண்டது. கைடு வாங்கி மனப்பாடம் செய்கிறவர்கள் செய்தார்கள். நானும் செய்தேன், மறைக்கவில்லை. கோடவுன் ஒயரிங் என்று ஒரு கேள்வி எல்லாக் கைடிலும் இருக்கிறது. உள்ளே நடக்க நடக்க அடுத்த விளக்கு எரிந்து முந்தைய விளக்கு அணைய வேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒன்றைச் செய்யச் சொல்லி ஒரு கோடவுன்காரரும் என்னைக் கேட்டதில்லை. படித்ததிலேயே ரசித்தது அதைத்தான் என்பது வேறு விஷயம்.

ஒயர் சைஸ் மட்டும் எனக்கு லகுவாக வந்தது. கடையில் 7/20 என்று கேட்டு வாங்குவோம். 20 கேஜ் கம்பி ஏழு இழை. ஒரு இழை 0.914 மில்லிமீட்டர் குறுக்களவு. பரப்பு போட்டு ஏழால் பெருக்கினால் நாலரைச் சதுர மில்லிமீட்டரைத் தாண்டும், இன்றைக்கு 4 ஸ்கொயர் என்று விற்கிறார்களே அதன் அண்ணன். எஸ்டிமேட் போடும் கேள்வியிலும் என்னை யாரும் அசைக்க முடியவில்லை.

விதிகள் பகுதிக்கு வந்தபோது நிலைமை மாறியது. 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45ஆவது. 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளில் அதுவே 29ஆவது. (2023இல் அவையும் போய்ப் புதியவை வந்துவிட்டன; நான் படித்தது 2010.) பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரி இருப்பதை எடுத்துவிட்டு அதேபோல் இன்னொன்றை மாட்டலாம். அதைத் தாண்டிப் புதிதாக ஒரு பாயின்ட் இழுப்பதானாலும், உள்ளதைக் கூட்டுவது மாற்றுவதானாலும், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நான் சாப்பிட்ட சோறு முழுக்க இந்த விதிக்கு வெளியே சம்பாதித்தது. அதைத் தமிழில், என் கையெழுத்தில், நோட்டில் எழுதிப் படித்தேன். சுகமாக இல்லை.

அதன் பிறகுதான் டெஸ்ட் ரிப்போர்ட் பாரத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். எத்தனையோ வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பாரம். அதில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, எர்த் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று அளவு எழுத இடம் விட்டிருக்கும். நம்மாள் முதலாவதில் எல்லா வீட்டுக்கும் 'இன்ஃபினிட்டி' என்று எழுதுவார். இரண்டாவதில் கைக்கு வந்த ஒரு சின்ன எண். அளந்தால்தானே வேறு எழுத?

மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்த ஒரு சிநேகிதரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு, இன்சுலேஷன் அளக்கிற 500 வோல்ட் மெக்கர் இரவல் வாங்கி வந்தேன். கையால் சுற்றுகிற பழைய மாடல். சோதனைக்கு எடுத்துக்கொண்டது என் வீடு. நானும் மேஸ்திரியும் சேர்ந்து ஒயரிங் செய்தது. மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் பிடுங்கி, எல்இடி பல்புகளைக் கழற்றி, எல்லா சுவிட்சையும் ஆன் செய்து, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முனை, எர்த்தில் ஒரு முனை. நிமிஷத்துக்கு 160 சுற்று. கை அந்த வேகத்துக்கு வந்ததும் உள்ளே கிளட்ச் வழுக்குவது தெரியும். அதோடு நிதானமாக ஒரு நிமிஷம் சுற்ற வேண்டும்.

முள் 3 மெகா ஓமில் நின்றது.

சட்டப்படி தேறிவிட்டது. விதி கேட்பது குறைந்தது 1 மெகா ஓம். பாயின்ட் எண்ணிக்கையால் 50ஐ வகுத்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. 24 பாயின்ட் உள்ள என் வீட்டுக்கு அதன்படியும் 2 சொச்சம்தான் வேண்டும். ஆனால் வாத்தியார் சொல்லியிருந்தார், தேறினதோடு விடாதே, சர்க்யூட் சர்க்யூட்டாகப் பிரித்து அள என்று. ஹாலைக் கழற்றினேன், முள் அசையவில்லை. சமையலறை, அசையவில்லை. வெளி விளக்கு சர்க்யூட்டைக் கழற்றிய உடனே முள் 50ஐத் தாண்டிப் போய் நின்றது. கேட் தூண் விளக்கின் ஹோல்டரைத் திறந்தால் உள்ளே மழைத் தண்ணி இறங்கிப் பச்சை பூத்திருந்தது. விளக்கு எந்தக் குறையும் சொல்லாமல் தினமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரிந்திருக்காது. 'இன்ஃபினிட்டி' என்று எழுதியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்ல புது ஒயரிங்கில் முள் இன்ஃபினிட்டியைத் தொடத்தான் செய்யும். எல்லா வீட்டிலும் தொடாது. தொடாத வீட்டில் ஏன் தொடவில்லை என்று தேடுவதற்குத்தான் அந்த இடமே விட்டிருக்கிறார்கள்.

எர்த் டெஸ்டரை வகுப்பில்தான் தொட்டுப் பார்த்தோம். எர்த் பைப்பிலிருந்து நேர்கோட்டில் இரண்டு கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்து, மூன்றையும் கருவியோடு சேர்த்து அளப்பது. அளந்த பிறகு வாத்தியார் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி மறுபடி அளக்கச் சொன்னார். எண் சரசரவென்று இறங்கியது. "இப்ப எந்த எண்ணை எழுதுவீங்க?" என்று கேட்டார். கோடையில், மண் காய்ந்து கிடக்கும்போது வருகிற எண்ணைத்தான் நம்ப வேண்டும். எங்கள் பக்கம் இரண்டு அடி தோண்டினாலே ஓடைக்கல் மாதிரி இறுகிய சுண்ணாம்புப் பாறை. இரண்டரை மீட்டர் பைப்பை முழுசாக இறக்குவதற்குள் குழி தோண்டுகிறவர் நம்மைத் திட்டித் தீர்த்துவிடுவார். பைப்பை அறுத்துப் போட்டு மேலே மண் மூடினால் யாருக்குத் தெரியும் என்பார்கள். கருவிக்குத் தெரியும்.

பரீட்சை எழுதினேன், தேறினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைடை உருப்போட்டவர்களும் தேறினார்கள். சான்றிதழ் வந்தது. ஆனால் உதவியாளர் சான்றை வைத்துக்கொண்டு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு இன்னும் மேலே படி இருக்கிறது, கருவிகளுக்குக் காசு வேண்டும். மெக்கர் வாங்கிவிட்டேன். எர்த் டெஸ்டர் இன்னும் வாடகைக்குத்தான்.

ஆக, பாரத்தை எடுத்துக்கொண்டு நான் இப்போதும் அதே ஆளிடம்தான் போகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: அளவுகளை நானே எழுதிக் கொண்டுபோய் விடுகிறேன். முதல் தடவை பார்த்துவிட்டு, "என்னப்பா இது, 38 மெகா ஓம்னு போட்டிருக்கே? யாரு அளந்தது?" என்று கேட்டார்.

"நான்தானுங்க. வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க, மெக்கர் வண்டியில இருக்குது."

"அதெல்லாம் எதுக்கு" என்று சீலை எடுத்தார். தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.